மருவா, பாலுண்ணியா, கொழுப்புக் கட்டியா? தோலில் வரும் சிறு மேடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிக்கும்போதோ தலை வாரும்போதோ விரலில் ஏதோ தட்டுப்படுகிறது. நேற்று இல்லை, இன்று இருக்கிறது. இப்படி வருவதில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. தோலில் நிலைத்துவிடும் தழும்புகளில் பல, அந்த மேட்டைப் போக்கக் கையாண்ட வைத்தியத்தால் வந்தவை. அதனால் எதைத் தடவலாம் என்பதைவிட, அது என்னவென்று பிரித்தறிவதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எல்லாவற்றையும் 'மரு' என்கிறார்கள். உண்மையில் மரு என்பது எது?

நம் பேச்சில் இந்த ஒரே சொல் நான்கு வேறு பொருட்களுக்கு ஓடுகிறது. கழுத்தில் காம்போடு தொங்கும் மெல்லிய சதை, கைவிரலில் சொரசொரப்பாக முளைப்பது, கன்னத்தில் மிளகைத் தூவியதுபோல் வரும் கறுப்புப் புள்ளிகள், மேடாக இருக்கும் மச்சம். முதலாவது தொற்றாது. இரண்டாவது வைரஸால் வருவது, தொற்றும். மூன்றாவது பெரும்பாலும் குடும்பவாகு. நான்காவது நிறமி அணுக்களின் திரட்சி. பக்கத்து வீட்டு அக்காவின் 'மரு'வை உதிர்த்த மருந்து உங்கள் 'மரு'வைப் புண்ணாக்குவதற்கு முதல் காரணம் இந்தப் பெயர்க் குழப்பம்தான். குழப்பம் வராமல் இருக்க, தொங்கும் சதையைத் தொங்குமரு என்றும், வைரஸால் வரும் சொரசொரப்பு மேட்டைப் பாலுண்ணி என்றும் இங்கே சொல்கிறோம்.

கழுத்தைச் சுற்றித் தொங்குமரு ஏன் வருகிறது?

தோலும் தோலும் உரசும் இடங்கள், செயினும் காலரும் உரசும் இடங்கள்: கழுத்து, அக்குள், மார்பகத்தின் அடிப்பகுதி, தொடை இடுக்கு, கண் இமை. அளவு பெரும்பாலும் 1 முதல் 5 மி.மீ. வயது ஏறும்போதும், எடை கூடும்போதும், கர்ப்ப காலத்திலும் அதிகமாகத் தென்படும்.

சேர்த்துக் கவனிக்க வேண்டியது பின்கழுத்து. அங்கே தோல் கறுத்து, வெல்வெட் துணிபோல் தடித்திருந்தால் அது அழுக்கில்லை. பீர்க்கங்காய் நாரைப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தேய்த்த எரிச்சலில் இன்னும் கறுக்கும். உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்கவில்லை என்பதன் வெளி அடையாளமாக அது இருக்கலாம். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையும் பார்த்துவிடுங்கள். மருவை எடுப்பதைவிட இதுதான் அவசரம்.

நூலோ தலைமுடியோ கட்டிவிட்டால் விழுந்துவிடும் என்கிறார்களே?

விழும். காம்பு நூல்போல் மெலிந்திருந்து, முடிச்சும் நன்றாக இறுகினால் ரத்த ஓட்டம் நின்று, கறுத்து, சில நாளில் உதிரும். முடிச்சு பாதி இறுகினால்தான் தொல்லை. ரத்தம் உள்ளே போகும், வெளியே வராது. மரு ஊதாவாகி, வீங்கி, தொட முடியாமல் வலிக்கும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சீழ் பிடிக்கும். இமையில் இதைச் செய்யவே கூடாது. எல்லாவற்றையும்விட, நீங்கள் கட்டுவது மருவா மேடான மச்சமா என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரியாது. தோல் மருத்துவர் மரக்கச் செய்யும் களிம்பு தடவி, மின்சூட்டுக் கோலால் ஒரே அமர்வில் பத்துப் பதினைந்தை எடுத்துவிடுவார். தடவிய களிம்பு வேலை செய்யக் காத்திருக்கும் நேரம்தான் அதில் அதிகம்.

சுண்ணாம்பும் சோடாவும் கலந்து வைக்கலாமா?

வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்போடு சலவைச் சோடாவைச் சேர்க்கும்போது கடுமையான காரம் உருவாகிறது. அமிலம் பட்ட இடம் பொருக்குக் கட்டி ஓரளவோடு நின்றுவிடும். காரம் அப்படியில்லை, தோலின் கொழுப்பையும் புரதத்தையும் கரைத்துக்கொண்டே கீழே இறங்கும். மரு போகும்தான், கூடவே அதன் கீழிருக்கும் நல்ல தோலும் போகும். மாநிறத் தோலில் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்திருக்கும். நெஞ்சிலும் தோளிலும் தழும்பு மேடாகவே வளரக்கூடும்.

ஏற்கெனவே வைத்துவிட்டு எரிகிறதா? முதலில் துணியால் வழித்தெடுங்கள். பிறகு குழாய் நீரில் குறைந்தது 20 நிமிடம் காட்டுங்கள். 'காரத்தை முறிக்கிறேன்' என்று எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றாதீர்கள், வெந்த இடத்தில் அது இன்னொரு எரிச்சல். கண்ணில் பட்டால் கழுவத் தொடங்கிவிட்டு உடனே கண் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பாலுண்ணியை எப்படி அடையாளம் காண்பது?

உற்றுப் பாருங்கள். விரலில் ஓடும் ரேகைகள் பாலுண்ணியின் ஓரத்தில் வந்து நின்றுவிடும், அதன்மேல் ஏறிப் போகாது. மேற்பரப்பு காலிஃப்ளவர்போல் பிளவுபட்டிருக்கும். லேசாகச் சீவினால் உள்ளே எள்முனை அளவில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவற்றை 'வேர்' என்று நினைத்து ஊசியால் தோண்டுவார்கள். அவை ரத்தம் உறைந்த நுண்குழாய்கள். பாலுண்ணிக்கு வேர் கிடையாது.

காலடியில் வந்தால் கால் ஆணியோடு குழம்பும். நேராக அழுத்தினால் வலி அதிகமா, ஆணி. இரு பக்கமும் கிள்ளிப் பிடித்தால் வலி அதிகமா, பாலுண்ணி.

வீட்டிலேயே போக்க முடியுமா?

கை, கால்களில் இருந்தால் முடியும், பொறுமை இருந்தால். மருந்துக் கடையில் சாலிசிலிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் தலா சுமார் 17 சதவீதம் கலந்த திரவம் கிடைக்கும். செய்ய வேண்டியது இது. இரவில் அந்த இடத்தை வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் ஊறவையுங்கள். ஈரத்தைத் துடைத்துவிட்டு, நகம் ராவும் அட்டையால் மேலே வெளுத்திருக்கும் செத்த தோலை ராவி எடுங்கள். அந்த அட்டை அதற்கு மட்டுமே, நகத்துக்கு எடுத்தால் வைரஸ் அங்கேயும் போகும். சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் ஒரு வளையம் போடுங்கள். பாலுண்ணியின்மேல் மட்டும் ஒரு சொட்டு வைத்து உலரவிட்டு, பிளாஸ்திரி ஒட்டுங்கள். அடுத்த நாள் காய்ந்த படலத்தை உரித்துவிட்டுத்தான் அடுத்த சொட்டு. திரவம் எளிதில் தீப்பற்றும், விளக்கு, அடுப்புப் பக்கம் வேண்டாம்.

புண்ணானால் இரண்டு மூன்று நாள் நிறுத்தித் தொடருங்கள். 12 வாரம் வரை ஆகலாம். பலர் தோற்பது மூன்றாவது வாரத்தில்: மேடு தட்டையானதும் போய்விட்டது என்று விட்டுவிடுகிறார்கள், மீதமிருந்தது திரும்ப வளர்கிறது. ரேகைகள் அந்த இடத்தின்மேல் மறுபடி தடையில்லாமல் ஓடினால்தான் வேலை முடிந்தது.

முகம், பிறப்புறுப்பு, மச்சம் ஆகியவற்றில் இந்தத் திரவத்தை வைக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் காலில் வைக்கவே கூடாது. ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான். குழந்தைகளுக்கு வரும் பாலுண்ணிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரண்டு ஆண்டுக்குள் தானாகவே மறையும். 'மந்திரித்ததில் போய்விட்டது' என்பதன் கணக்கும் இதுதான்.

அம்மான் பச்சரிசிப் பால், எருக்கம்பால்?

இரண்டுமே தோலை அரிக்கும் பால். அம்மான் பச்சரிசியைப் பாலுண்ணியில் வைப்பது பழைய வழக்கம். சிலருக்கு உதிர்கிறது, சிலருக்குச் சுற்றிலும் கொப்புளிக்கிறது. ஒரு சொட்டில் எவ்வளவு வீரியம் இருக்கிறது என்று செடிக்குச் செடி சொல்ல முடியாததுதான் சிக்கல். எருக்கம்பால் அதைவிட மோசம். கை கழுவாமல் கண்ணைக் கசக்கினால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும், அதுவும் முதலில் பெரிய வலி இல்லாமல்.

குழந்தையின் உடம்பில் முத்து முத்தாக, நடுவில் குழியோடு இருக்கிறது. அம்மையா?

காய்ச்சல் இல்லை, குழந்தை நன்றாக விளையாடுகிறது, வாரங்களாக அப்படியே இருக்கிறது என்றால் சின்னம்மையாக இருக்க வாய்ப்பில்லை. சின்னம்மைக் கொப்புளத்தில் நீர் இருக்கும், இரண்டொரு நாளில் உடைந்து பொருக்காகும். நீங்கள் சொல்வது மொல்லஸ்கம் என்ற வைரஸ் தொற்றாக இருக்கும். 2 முதல் 5 மி.மீ., பளபளப்பு, நடுவில் தொப்புள்போல் ஒரு பள்ளம், உள்ளே வெள்ளைத் துணுக்கு. அந்தத் துணுக்கில்தான் வைரஸ் இருக்கிறது. சொறியும் விரல்தான் அதை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு விதைக்கிறது.

6 முதல் 18 மாதத்தில் தானாகப் போகும். துண்டைத் தனியாக வையுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், உடன்பிறந்தவர்களை ஒரே தொட்டித் தண்ணீரில் குளிப்பாட்டாதீர்கள். பள்ளிக்கு அனுப்பலாம். சில மேடுகள் திடீரென்று சிவந்து வீங்கினால் பயந்து ஆன்டிபயாடிக் கேட்பார்கள். பெரும்பாலும் அது உடலின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டதன் அடையாளம், மறையப் போகிறது என்று பொருள். காய்ச்சலோ சீழோ சேர்ந்தால் மட்டும் காட்டுங்கள். பெரியவர்களுக்கு முகமெங்கும் பரவலாக வந்தாலோ, பிறப்புறுப்பில் வந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். சில ரத்தப் பரிசோதனைகள் தேவைப்படும்.

கண்ணைச் சுற்றி வரும் புள்ளிகள் எல்லாம் ஒன்றா?

இல்லை, மூன்று தனித்தனி.

வெள்ளை வெளேரென்று, ரவை அளவில், கெட்டியாக இருப்பது மிலியா. தோலுக்கடியில் சிக்கிய கெரட்டின் (தோலில் இருக்கும் கெட்டிப் புரதம்) மணி அது. பருபோல் அதற்கு வாய் கிடையாது, அதனால் பிதுக்கினால் வராது, தோல்தான் கன்றும். மருத்துவர் ஊசிமுனையால் மேலே கீறித் தள்ளிவிடுவார். பிறந்த குழந்தையின் மூக்கிலும் கன்னத்திலும் இருப்பது இதே ரகம், சில வாரத்தில் போய்விடும், தேய்க்காதீர்கள்.

தோல் நிறத்திலேயே, கீழ் இமையில் வரிசையாக, தட்டையாக இருப்பது வியர்வைக் குழாய் வளர்ச்சி. பெண்களுக்கு அதிகம். எந்த கிரீமும் இதைக் கரைக்காது, விளம்பரம் என்ன சொன்னாலும்.

மூக்கை ஒட்டிய இமை ஓரத்தில் மஞ்சளாகப் படர்வது கொழுப்புப் படிவு. தோலுக்கு ஆபத்தில்லை. ஆனால் இது வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தக் கொழுப்பு சரியாக இருப்பதில்லை. கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்யுங்கள்.

மேற்கையும் தொடையும் கோழித்தோல்போல் சொரசொரவென்று இருக்கிறது.

ஒவ்வொரு முடித்துளையிலும் கெரட்டின் ஒரு சிறு தக்கையாக அடைத்திருக்கிறது. பதின்வயதில் அதிகம், குளிர்ந்த வறண்ட காற்றில் கூடும், வயதாக ஆகத் தணியும். ஸ்க்ரப் போட்டுத் தேய்ப்பதுதான் பொதுவான தவறு. தேய்த்தால் துளையைச் சுற்றிக் கறுத்து, முன்பு கையில் மட்டும் தெரிந்தது இப்போது கண்ணுக்கும் தெரியும். குளித்துத் துடைத்த மூன்று நிமிடத்துக்குள், தோலில் ஈரப்பசை இருக்கும்போதே 10 முதல் 20 சதவீத யூரியா கிரீமோ 12 சதவீத லாக்டேட் லோஷனோ தடவுங்கள். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். வித்தியாசம் தெரிய ஆறு வாரமாவது ஆகும். நிறுத்தினால் திரும்பும், ஏனென்றால் இது நோயில்லை, தோலின் வாகு.

வேர்க்குருவுக்குப் பவுடர்தானே மருந்து?

வியர்வை வெளியேறும் குழாய் அடைத்துக்கொள்வதால்தான் வேர்க்குருவே வருகிறது. அடைப்பை எடுக்கப் பவுடரால் முடியாது. காய்ந்த தோலில் மெல்லத் தூவினால் உரசலைக் குறைக்கும், அவ்வளவுதான். வியர்த்த உடம்பில் கொட்டினால் மாவாகப் பிசைந்து இன்னும் அடைக்கும். குழந்தையின் முகத்தருகே டால்க் பவுடரைத் தட்டவே வேண்டாம், மூச்சோடு நுரையீரலுக்குப் போகும். எண்ணெயும் கெட்டியான கிரீமும் இந்த நேரத்தில் எதிரிகள். ஒரு நாளில் சில மணி நேரமாவது வியர்க்காமல் இருப்பதே உண்மையான மருந்து. மின்விசிறிக்குக் கீழ், தளர்ந்த பருத்தித் துணி, இரண்டு வேளை குளியல். அரிப்புக்குக் காலமைன் லோஷன். நுங்கு நீர் தடவுவதில் கெடுதல் இல்லை, குளிர்ச்சி தரும், பிறகு பிசுபிசுப்பைக் கழுவிவிடுங்கள்.

நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில் குருக்கள், அரிக்கிறது. பருவுக்கான கிரீம் கேட்கவில்லை.

பருவில் சின்னது, பெரியது, கறுப்பு முனை எல்லாம் கலந்திருக்கும், அரிப்பு குறைவு. எல்லாம் ஒரே அளவு, அரிப்பு, தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கம், வியர்வை எல்லாம் சேர்ந்தால் முடித்துளைகளில் மலசீசியா என்ற ஈஸ்ட் பெருகியிருக்கலாம். 2 சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்பூவை அந்த இடத்தில் பூசி 5 நிமிடம் கழித்துக் கழுவுங்கள், வாரம் மூன்று முறை, மூன்று நான்கு வாரம். ஆன்டிபயாடிக் மாத்திரை இதைக் கூட்டவும் செய்யும்.

கொழுப்புக் கட்டியைக் கரைக்க என்ன தடவலாம்?

முதலில், அது கொழுப்பா என்று பாருங்கள். இந்தப் பெயரிலும் இரண்டு வேறு கட்டிகள் உலவுகின்றன.

கட்டியின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து மெல்லத் தள்ளுங்கள். தோலுக்கடியில் வழுக்கிக்கொண்டு நகர்கிறது, மேல்தோல் அதோடு ஒட்டவில்லை, மென்மையாக ரப்பர்போல் இருக்கிறது, வலியில்லை என்றால் லைபோமா. உண்மையான கொழுப்புக் கட்டி இதுதான். முதுகு, தோள், முன்கை, தொடையில் வரும், மிக மெதுவாக வளரும். ஒருவருக்கே பத்து இருபதும் இருக்கலாம்.

கட்டி தோலோடு ஒட்டியே நகர்கிறது, மேலே நடுவில் ஊசி குத்தியதுபோல் ஒரு கறுப்புத் துளை தெரிகிறது என்றால் அது தோல்பை நீர்க்கட்டி. உள்ளே இருப்பது கொழுப்பும் இல்லை, நீரும் இல்லை. செத்த தோல் செதில் கூழாகி, பழைய பாலாடைபோல் நாறும். பிதுக்கினால் அந்தக் கூழ் வெளியே வரும் அளவுக்கு உள்ளேயும் வெடிக்கும். இரண்டு நாளில் சிவந்து, சூடேறி, தெறிக்கும் வலி. வெளியே வந்தாலும் பை உள்ளேயே இருப்பதால் சில மாதத்தில் மறுபடி நிரம்பும். வீக்கம் அடங்கிய பிறகு பையோடு சேர்த்து எடுத்தால்தான் தீரும்.

லைபோமா எந்த எண்ணெயிலும் கரையாது. எடையைக் குறைத்தாலும் கரையாது, சுற்றியுள்ள கொழுப்பு வற்றி அது இன்னும் எடுப்பாகத் தெரிவதும் உண்டு. கொடிவேலி வேர் சேர்ந்த தைலங்களை இதற்கென்று விற்கிறார்கள். கொடிவேலி வேர் தோலைக் கொப்புளிக்க வைக்கும் பொருள். மேல்தோல் வெந்து உரியும், கட்டி அடியில் அப்படியே இருக்கும். தொல்லை இல்லாத லைபோமாவை விட்டுவிடலாம். 5 செ.மீ.க்கு மேல், வேகமாக வளர்வது, வலிப்பது, ஆழத்தில் அசையாமல் இருப்பது: இவற்றில் எது இருந்தாலும் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

மார்பகத்தில் தட்டுப்படும் கட்டியைக் 'கொழுப்புக் கட்டிதான்' என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். எவ்வளவு மென்மையாக இருந்தாலும்.

கன்னத்தில் வருஷா வருஷம் கூடும் கறுப்புப் புள்ளிகள்?

அம்மாவின் முகத்தையோ சித்தியின் முகத்தையோ பாருங்கள், அங்கேயும் இருக்கும். மாநிற, கறுப்புத் தோலில் மிகச் சாதாரணம். தொற்றாது, புற்றாக மாறாது. அழகுக்காக எடுக்கலாம், ஆனால் ஆழமாகச் சுட்டால் கறுப்புப் போய் வெள்ளைத் தழும்பு வரும். முதலில் காதோரமாக இரண்டு மூன்றை மட்டும் எடுத்துப் பார்த்து, ஆறு வாரம் கழித்து மீதியை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நெஞ்சில் குங்குமப் பொட்டுபோல் சிவப்புப் புள்ளி?

நுண் ரத்தக்குழாய்களின் முடிச்சு. முப்பதுக்கு மேல் வரும். விட்டுவிடுங்கள்.

மூக்குத்தி குத்திய இடத்தில் சிறு உருண்டை.

குத்திய சில வாரத்துக்குள் சிவப்பாக, ஈரமாக, தொட்டால் ரத்தம் கசிந்தால் அது ஆறும் சதை அளவு மீறி வளர்ந்தது. மூக்குத்தியைத் திருகிக்கொண்டே இருப்பது, நிக்கல் கலந்த கவரிங் நகை, இரண்டும் காரணம். 250 மி.லி. கொதித்தாறிய நீரில் கால் தேக்கரண்டி உப்புக் கரைத்து, துணியை நனைத்து 5 நிமிடம் ஒற்றுங்கள், தினம் இரு வேளை. மஞ்சளும் எண்ணெயும் குழைத்து அப்ப வேண்டாம்.

மாதங்கள் கழித்து, கெட்டியாக, பளபளப்பாக, துளையின் எல்லையைத் தாண்டி வளர்ந்தால் அது கீலாய்டு. வெட்டி எடுத்தால் மட்டும் போதாது, பல நேரம் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பும். 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை மேட்டுக்குள்ளேயே போடுவது வழக்கமான சிகிச்சை. வீட்டில் ஒருவருக்கு இது இருந்தால், மற்றவர்கள் காதில் இரண்டாவது துளை போடும் முன் யோசிக்கலாம்.

உதட்டிலும் ஆணுறுப்பிலும் புள்ளிகள். யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

உதட்டின் ஓரத்தில் ரவைபோல் மஞ்சள் வெள்ளைப் புள்ளிகள், முடியில்லாத இடத்தில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள். ஆணுறுப்பு முனையின் அடி விளிம்பைச் சுற்றி, ஒரே அளவில், ஒன்றிரண்டு வரிசையாக மணிகோத்ததுபோல் இருப்பதும் இயல்பான அமைப்பே. பால்வினை நோயில்லை, யாருக்கும் தொற்றாது, சுத்தக் குறைவும் இல்லை. அளவில் மாறி மாறி, கொத்தாக, பரவிக்கொண்டே போனால் அது வேறு, காட்ட வேண்டும்.

கடையில் கொடுத்த கிரீம் இரண்டே நாளில் கேட்டதே?

குழாயின் பின்பக்கம் பொடி எழுத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பும் அரிப்பும் உடனே அடங்கும், அதனால் எல்லாவற்றுக்கும் கேட்டதுபோல் தெரியும். முகத்தில் வாரக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, புதிதாகப் பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் எரியும். படர்தாமரையில் போட்டால் வட்டம் மங்கி, உள்ளே பூஞ்சை பரவும். இந்தியாவில் இவ்வகைக் களிம்புகள் 2018 முதல் மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே தர வேண்டியவை. சீட்டு கேட்காமல் கொடுத்தால் அது உங்களுக்குச் செய்யும் உதவியில்லை.

எதைக் கண்டால் தாமதிக்கக் கூடாது?

ஒரு மாதமாக ஆறாத புண்ணோ, அடிக்கடி ரத்தம் கசியும் மேடோ. நிறமும் ஓரமும் மாறிக்கொண்டு வளரும் மச்சம், குறிப்பாக உள்ளங்காலில், அல்லது நகத்துக்கடியில் புதிதாக வந்து அகலும் கறுப்புக் கோடு. கழுத்தில் நெறி கட்டி மூன்று வாரத்துக்கு மேல் இருந்து, மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் காசநோய்ப் பரிசோதனை வேண்டும். காது மடல் தடித்து முடிச்சு முடிச்சாக ஆவது, கூடவே உணர்ச்சி குறைந்த வெளிறிய தேமல் இருப்பது தொழுநோயின் அடையாளமாக இருக்கலாம். மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம், முழுதாகக் குணமாகும். வலிக்கவில்லை என்பதால்தான் இதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

மருத்துவரிடம் போகும் முன் என்ன செய்ய வேண்டும்?

இரண்டு நாளைக்கு எதையும் தடவாதீர்கள். மஞ்சளோ மேக்கப்போ இருந்தால் கழுவிவிட்டுப் போங்கள். இதுவரை போட்ட எல்லாக் குழாய்களையும், காலியானதையும்கூட, ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். 'வெள்ளைக் குழாய், பச்சை எழுத்து' என்றால் யாருக்கும் புரியாது. காத்திருந்து பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னால், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதமும் அதே நாணயம், அதே வெளிச்சம்.